முன்நிற்போர் அறம்

ஒருவரைக் காக்கும்பொருட்டு மற்றொருவர் முன்னே நிற்றல் மனித ஒழுக்கத்தின் மிகப் பழைய வடிவங்களுள் ஒன்றாகும். பண்டைத் தமிழர் ஆநிரை மீட்கச் சென்று வீழ்ந்தோர்க்கு நடுகல் நாட்டினர். அக்கல்லிலே பெயரும் பீடும் எழுதினர். காத்தலும் காத்தோரை நினைத்தலும் ஒரே அறத்தின் இரு கூறுகளாக அவர்களால் கொள்ளப்பட்டன. இக்காலச் சமுதாயத்திலோ முன்நிற்போர் பலர். அவர்தம் பெயரறிவோர் மிகச் சிலர். முன்நிற்போர்க்கும் அவர் பின்னே நிற்கும் இளையோர்க்கும் இடையிலான கடமை யாது? காக்கப்பட்டவன் வீழ்ந்தால் பழி யாரைச் சாரும்? தான் காப்பது நியாயத்தையே என்பதைக் காப்பவன் எவ்வளவு தூரம் அறிந்திருத்தல் வேண்டும்? காப்பு எவ்விடத்தில் ஆதிக்கமாக மாறுகின்றது? இவ்வினாக்கள் ஆராயத்தக்கன.

இவற்றைத் தெளிவாகக் காண ஒரு விளையாட்டு உதவும். அமெரிக்க உதைபந்தாட்டத்தில் குவாட்டர்பேக் என்னும் வீரனே ஆட்டத்தை நடத்துகின்றான். பந்தைப் பெற்று, எவர்க்கு எறிவது என்பதைச் சில கணங்களில் தீர்மானிப்பவன் அவனே. அச்சில கணங்களை அவனுக்கு ஈட்டிக் கொடுப்போர் முன்வரிசையிலுள்ள ஐவர். எதிரணியின் தாக்குதலைத் தம் உடலால் தாங்குவதே அவர்களின் தொழில். பொதுவாக எறியப்படும் பந்தைப் பிடிக்கும் உரிமைகூட அவர்களுக்கு இல்லை. அவர்கள் தம் வேலையைச் செவ்வனே செய்த நாளில் எவரும் அவர்களைக் கவனிப்பதில்லை. தவறிய நாளில் அனைவரும் கவனிப்பர். மேலும், அவர்கள் தாம் காப்பவனைப் பார்த்து நிற்பதில்லை. அவனுக்கு முதுகு காட்டியே நிற்கின்றனர். தமிழ் வழக்கிலே முதுகு காட்டல் கோழைமையின் அடையாளம். இங்கோ அது நம்பிக்கையின் அடையாளமாகின்றது. பின்னே நிற்பவன் என்ன செய்கின்றான் என்பதை அறியாமலே அவனுக்காக அடிபடுகின்றனர்.

2002ஆம் ஆண்டில் ஹூஸ்டன் நகருக்கெனப் புதிதாக அமைந்த அணி, அவ்வாண்டின் தெரிவில் முதலாவதாக டேவிட் கார் என்னும் இளைஞனைத் தெரிந்தெடுத்தது. அவன் தன் முதற் பருவத்திலேயே 76 முறை எதிரணியினரால் பந்தோடு வீழ்த்தப்பட்டான். ஒரே பருவத்தில் ஒரு வீரன் அத்தனை முறை வீழ்த்தப்பட்டது அதற்கு முன் நிகழ்ந்ததில்லை. ஐந்து பருவங்களில் அவன் 249 முறை வீழ்ந்தான். அதன்பின் அணி அவனை விடுவித்தது. வரிசை பலவீனமானது என்றனர் ஒருசாரார். பந்தை அவன் நெடுநேரம் கையில் வைத்திருந்தான் என்றனர் மற்றொருசாரார்.

இரு சாராரும் ஒன்றை மறந்தனர். புதிய அணியாதலின், அவ்வரிசையைப் புதிதாகவே கட்டவேண்டியிருந்தது. அதன் மூலைக்கல்லாகக் கருதப்பட்ட டோனி பொசெல்லி, காயங்களின் காரணமாக அவ்வணிக்காக ஓர் ஆட்டத்திலேனும் ஆடவில்லை. சுவர் முற்றுப்பெறுமுன்னரே இளைஞன் அதன்பின் நிறுத்தப்பட்டான். எனவே பழியைப் பங்கிடும்போது வரிசையினர், இளைஞன் என்னும் இருவரோடு மூன்றாமவரையும் எண்ணுதல் வேண்டும். வரிசையை அமைத்து, இளைஞனை அங்கு நிறுத்தியவரே அம்மூன்றாமவர். அடி அவர்மேல் விழுவதில்லை. அதனாலேயே பழியும் அவரை எளிதில் அணுகுவதில்லை.

ஆட்டத்தை விட்டு மஸ்கெலியாவுக்கு வருவோம். சிவனொளிபாதமலையின் அடிவாரத்தே தேயிலைத் தோட்டங்கள் சூழ அமைந்த ஊர் அது. 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய நகர் நீருள் மூழ்கியது. இன்றைய நகர் பின்னர் எழுந்தது. நாட்டின் விளக்குகள் எரிவதற்காக ஓர் ஊரே இடம்விட்டு நின்றது எனலாம். அவ்வூரைச் சூழ்ந்த லயங்களில் ஒரு பிள்ளை பரீட்சைக்குப் படிக்கின்றதெனின், அதன் முன்னே ஒரு வரிசை நிற்கின்றது. பனியிலும் மழையிலும் பிரட்டுக்குச் சென்று மலையேறும் தாய், கவ்வாத்து வெட்டும் தந்தை, தன் படிப்பை நிறுத்தித் தம்பியின் படிப்பைத் தொடரச்செய்த தமக்கை, மாலை வகுப்பெடுக்கும் ஆசிரியர் ஆகியோரே அவ்வரிசையினர். பத்துக்குப் பன்னிரண்டடி அறையில் அப்பிள்ளைக்குக் கிடைக்கும் ஒரு மூலையும் சில மணிநேரமும் அவர்களால் ஈட்டப்பட்டவை.

தோட்டத்து வழக்கில் ஒரு நாள் வேலைக்கு 'பேர்' என்று பெயர். குறித்த அளவு கொழுந்து எடுக்காதவளுக்கு 'அரைப்பேர்' போடப்படும். கணக்குப் புத்தகத்திலே அவள் பாதிப் பெயராகிவிடுகின்றாள். நடுகல்லிற் பெயர் பொறித்த ஒரு சமுதாயத்தின் வழிவந்தோர், முன்நிற்பவளின் பெயரையே இவ்வாறு நிறுத்து அளக்கும் நிலைக்கு உள்ளானமை சிந்திக்கத்தக்கது.

அப்பிள்ளை பரீட்சையில் தவறினால் உலகம் கூறுவது என்ன? தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்பதே. அல்லது, பெற்றோர்க்கு அக்கறை இல்லை என்பதாகும். மூன்றாமவர் இங்கும் தப்பிவிடுகின்றார். ஒரு குடிமகனின் முன்னே நிற்கவேண்டிய முதற்சுவர் சட்டமாகும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. தோட்டப் பாடசாலைகளும் நீண்டகாலம் ஆரம்ப வகுப்புகளோடு நின்றன. அவை அரசின் பொறுப்பில் வரத்தொடங்கியது 1970களிலேயே. மூலைக்கல் இல்லாத சுவரின் பின்னே ஒரு தலைமுறை நிறுத்தப்பட்டது. வீழ்ந்தவனைக் குறைகூறுமுன் அவனுக்குக் கட்டப்படாத சுவரைக் காணுதல் நேர்மையின் பாற்படும்.

இனி இரண்டாவது வினா. காப்பவன் நியாயத்தை அறிந்தே காக்கவேண்டுமா? இதற்கு மலைநாட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. முத்தையா முரளிதரனின் பாட்டனார் தமிழகத்திலிருந்து மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைசெய்ய வந்தவர். கண்டியில் வளர்ந்த பேரன் இலங்கைத் துடுப்பாட்ட அணியிற் சேர்ந்தார். 1995 டிசம்பர் 26ஆம் நாள் மெல்பேர்ணில், நடுவர் டெரல் ஹெயார், அவர் பந்தை எறிகின்றார் எனக் கூறி ஏழு முறை அதனை முறையற்ற பந்தென அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 23. அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அன்று ஆட்டத்தை நிறுத்தவில்லை. இளைஞரைக் கைவிடவும் இல்லை. மறுமுனையிலிருந்து பந்துவீசச் செய்தார். அம்முனையின் நடுவர் எக்குறையும் அறிவிக்கவில்லை. 1996இல் முரளிதரன் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களிற் சோதனைக்கு உட்பட்டார். பிறவியிலேயே முழுமையாக நீளாத அவரது முழங்கையினால், எறிவது போன்ற தோற்றம் கண்ணுக்கு ஏற்படுகின்றது என முடிவு கூறப்பட்டது. 1999 ஜனவரியில் அடிலெயிட்டில் நடுவர் றொஸ் எமர்சன் மீண்டும் குறை அறிவித்தபோது, ரணதுங்க அணியினரை எல்லைக்கோடுவரை அழைத்துச் சென்று ஆட்டத்தையே நிறுத்திவைத்தார்.

இவ்விரு செயல்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பெரிதும் நோக்கத்தக்கது. முதலாவது, உண்மை ஐயத்துக்கிடமாக இருந்த வேளையில் நிகழ்ந்தது. ஆகவே அது அமைதியான காப்பாக இருந்தது. இரண்டாவது, சோதனை முடிவு வெளிவந்தபின் நிகழ்ந்தது. ஆகவே அது வெளிப்படையான எதிர்ப்பாக இருந்தது. நடுவரை எதிர்த்த முறை ஆட்டத்தின் ஒழுங்குக்கு ஏற்றதா என்பது வேறு வினா; அதனைக் கண்டித்தோரும் உளர். ஆயினும், காப்பின் வேகம் அறிவின் அளவோடு வளர்தல் வேண்டும் என்னும் நெறியை இவ்விரு நிகழ்ச்சிகளிலிருந்து பெறலாம். ஐயம் உள்ளபோது கைவிடாமையும், ஐயம் நீங்கியபின் தயங்காமையும் முன்நிற்போர்க்குரியன. தன்னைச் சோதனைக்கு உட்படுத்தல் காக்கப்படுவோனுக்குரியது. தான் சோதிக்கப்பட மறுத்துவிட்டுப் பிறர் தன்னைக் காக்கவேண்டும் எனக் கோருபவன், அவர்தம் நம்பிக்கையைச் சுரண்டுபவனாவான்.

மூன்றாவது வினாவுக்குத் தோட்ட வரலாறே விடை தருகின்றது. கங்காணி ஊரிலிருந்து ஆட்களை அழைத்து வந்தான், அறியாத நாட்டில் அவர்களுக்கு முன்நின்றான், துரையோடு பேசினான், முற்பணம் கொடுத்தான். இவை யாவும் காப்பின் தோற்றம் உடையன. ஆனால் முற்பணம் கடனாயிற்று, கடன் துண்டாயிற்று. துண்டு முறை 1921இல் சட்டத்தினால் ஒழிக்கப்படும்வரை தொழிலாளியின் கடன் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு அவனோடு கைமாறியது. காப்பவன் தன் காப்பைக் கணக்கெழுதத் தொடங்கிய அந்நாளிலே காக்கப்பட்டவன் உடைமையானான். தலைவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோர்க்குங்கூட இவ்வெச்சரிக்கை பொருந்தும். உனக்காக நாங்கள் பட்ட பாட்டைப் பார் என்று நாள்தோறும் கூறும் குடும்பம், பிள்ளைக்கு நேரத்தை ஈட்டிக் கொடுத்து அந்நேரத்தில் செய்யத்தக்க தீர்மானத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றது. உதைபந்தாட்ட வரிசையினர் முதுகு காட்டி நிற்பதன் பொருள் இங்கு விளங்கும். பந்து எங்கே எறியப்படவேண்டும் என்பதைப் பின்னே நிற்பவனே தீர்மானிக்கின்றான்.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். அவ்வீரர்கள் தாமே விரும்பி ஆட வந்தோர். பெரும் ஊதியம் பெறுவோர். கொழுந்து பறிப்பவளோ அவ்வாறு தெரிந்தெடுத்தவள் அல்லள். எனவே இரண்டையும் ஒப்பிடல் தகுமா? மறுப்பு வலிமையுடையதே. ஆயினும் அது ஒப்புமையை வீழ்த்தாது கடனை மிகுவிக்கின்றது. ஊதியம் பெற்று அடிபடுபவனுக்கு ஊதியமேனும் கைம்மாறாகும். வேறு வழியின்மையாற் சுமந்தவளின் உழைப்பை ஊதியத்தாலும் ஈடுசெய்ய இயலாது. ஏனெனில் அவளுக்குரிய ஊதியமே முழுமையாகக் கொடுக்கப்படவில்லை. அவள் தியாகத்தைப் புகழ்ந்து மேடையிற் பேசிவிட்டு, அவளை அத்தியாகத்துக்கு உட்படுத்திய நிலைமையை அவ்வாறே விடுதல் அறமாகாது. தியாகம் போற்றத்தக்கது, தியாகத்தைத் தேவையாக்கிய அநீதி போற்றத்தக்கதன்று.

ஆகவே பல்கலைக்கழகம் புகுந்த மலையக மாணவன் செலுத்தவேண்டிய கடன் யாது? பெற்றோரின் கனவை அப்படியே நிறைவேற்றுதல் எனச் சிலர் கூறுவர். அது கடனைத் துண்டாக்கும். தன் முயற்சியாலேயே உயர்ந்தேன் எனக் கருதி அகன்றுவிடுதல் மற்றொரு முடிவு. அது முன்நின்றோரின் பேரைக் கணக்கிலிருந்து அடியோடு நீக்கிவிடுவதாகும். அரைப்பேர் போட்டவர்கூட அவ்வளவு செய்யவில்லை. இவ்விரண்டுக்கும் இடையே மூன்று கடமைகள் உள்ளன. முன்நின்றோர் யாவர் என்பதை உண்மையாக எழுதிவைத்தல் ஒன்று. ஈட்டித் தரப்பட்ட நேரத்தைச் சோம்பாது, அஞ்சாது, சொந்தத் தீர்மானத்தோடு பயன்படுத்தல் மற்றொன்று. தனக்குப்பின் வருவோர்க்கு முன்னே, கணக்கெழுதாத சுவராகத் தான் நிற்றல் மூன்றாவது.

இம்மூன்றனுள் இறுதியதே கடினமானது. பந்தைக் கையிற் பெற்றவன் மீண்டும் பெயரற்ற வரிசையில் நிற்க எளிதில் உடன்படான். எனினும் மலையகத்திலிருந்து கற்று உயர்ந்தோர் தொகை ஆண்டுதோறும் பெருகிவருகின்றது. அவர்கள் சட்டத்திலும் பாடசாலையிலும் கூலிப் பேச்சுவார்த்தையிலும் இல்லாதிருந்த மூலைக்கற்களை நாட்டுவார்களாயின், நாளை மஸ்கெலியாவில் படிக்கும் ஒரு பிள்ளையின் முன்னே அதன் தாய் மட்டுமே தனித்து நிற்கவேண்டிய நிலை இராது.