பளாரும் சுளீரும்

'பளார்னு ஒண்ணு விட்டேன் பாருங்க... அதுக்கப்புறம் பையன் வாயே திறக்கலை!'

கல்யாண வீட்டிலோ ரயிலிலோ யாராவது இப்படிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தும் இருப்பார்கள்.

அடி விழும் சத்தத்துக்குத் தமிழில்தான் எத்தனை வார்த்தைகள்! உள்ளங்கை கன்னத்தில் விழுந்தால் பளார். முஷ்டி முதுகில் இறங்கினால் மொத். தலையில் குட்டினால் ணங். பிரம்பு என்றால் சுளீர். ஒலிக்குறிப்புச் சொற்கள் என்கிறது இலக்கணம். மடமட, தடதட என்று ஜோடியாக வந்தால் இரட்டைக்கிளவி. அந்த ஜோடியைப் பிரித்தால் பொருள் தராது என்பது தொல்காப்பியர் காலத்து விதி.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். பளார் என்பது காதுக்கான வார்த்தை. பக்கத்து அறையில் இருப்பவருக்கும் கேட்கும். அடித்தவர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், வேடிக்கை பார்த்தவர் கதையாகச் சொல்லலாம். கன்னம் என்ன ஆச்சு என்பது மட்டும் அந்த வார்த்தைக்குத் தெரியாது. சத்தம் அடங்கியதும் பளார் முடிந்துபோகிறது.

சுளீர் அப்படி முடியாது. சாட்டையின் ஓசையும் சுளீர், அது பட்ட தோலின் எரிச்சலும் சுளீர். தேள் கொட்டும்போது சத்தமே வராது. ஆனாலும் 'சுளீர்னு இருந்துச்சு' என்கிறோம். வலித்தவர்தான் அதைச் சொல்ல முடியும்.

ஆக, ஒரே அடிதான். கொடுத்தவர் கணக்கில் பளார், வாங்கியவர் கணக்கில் சுளீர். அடித்தது சரியா, தப்பா என்ற பஞ்சாயத்தை நாம் எப்போதும் முதல் வார்த்தையை வைத்தே நடத்துகிறோம். 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்ற பழமொழியிலும் கை வருகிறது, கன்னம் வரவில்லை.

பெற்றோர்கூடப் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று ஸ்வீடன் 1979-லேயே சட்டம் போட்டது. நம் நாட்டில் 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பள்ளியில் உடல் தண்டனையைத் தடுத்ததோடு நிற்கவில்லை. பிள்ளைக்கு மன உளைச்சல் தருவதையும் தடை செய்தது. நாலு பேர் எதிரில் 'நீயெல்லாம் எதுக்குடா படிக்க வர்றே?' என்று கேட்டால் பளார் சத்தம் எதுவும் எழாது. உள்ளே சுளீர் என்று இழுக்கும்.

'அப்படின்னா கண்டிக்கவே கூடாதா சார்?'

தாராளமாகக் கண்டியுங்கள். பிள்ளை செய்த தப்பு எது, அதனால் யாருக்கு நஷ்டம் என்று அவனுக்குப் புரியும்படி சொல்வதும் கண்டிப்புதானே? பளார் சத்தத்தில் இந்த விவரம் எதுவும் இல்லை. வாயே திறக்காத பையன் திருந்திவிட்டான் என்று எப்படி முடிவு கட்டுவது? பயந்திருக்கிறான், அவ்வளவுதான் நமக்குத் தெரியும். மீதியை அவன்தான் சொல்ல வேண்டும். அதற்கு முதலில் அவன் வாயைத் திறக்க வேண்டுமே!