பின்வரிசையில் சிரிக்கட்டும், நீங்கள் பேசுங்கள்!

திருப்பூரில் ஏதாவது ஒரு டீக்கடை முன்னால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பீகாரிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த இளைஞன், "அண்ணா, ஒரு டீ குடு, சக்கரை கம்மி" என்பான். 'குடுங்க' என்று சொல்ல அவனுக்கு இன்னும் வரவில்லை. கடைக்காரர் கோபித்துக்கொள்வாரா? மாட்டார். "அட, தமிழ் நல்லாப் பேசுறியே!" என்று முகம் மலர்ந்து கிளாஸை நீட்டுவார். அவன் அடுத்த நாள் இன்னும் நான்கு சொல் கூடுதலாகப் பேசுவான்.

அந்த ஊர்ப் பட்டதாரி ஒருவன் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேசி, இறந்த காலத்தை நிகழ்காலமாக்கிவிட்டால் என்ன நடக்கும்? கூடப் படித்தவனே முதலில் சிரிப்பான். பல வருடம் கழித்தும் அதைச் சொல்லிக் காட்டுவான்.

வெளியூர்க்காரனுக்கு மனதாரக் கொடுக்கிற இந்தச் சலுகையை நம் பிள்ளைகளுக்கு ஏன் மறுக்கிறோம்? நினைக்க நினைக்க எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து, கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பெண், கல்லூரியின் முதல் நாளில் 'உன்னைப் பற்றிச் சொல்' என்றதும் வாய் உலர்ந்து நிற்கிறாள். 'மை நேம் ஈஸ்' அவளுக்குத் தெரியாதா? ஆறாம் வகுப்பிலேயே தெரியும். பின்வரிசையிலிருந்து வரப்போகும் அந்தச் சிரிப்புதான் அவள் தொண்டையை அடைக்கிறது. எத்தனை நல்ல மூளைகளை இப்படி ஊமையாக்கி உட்கார வைத்திருக்கிறோம்!

கட்டோ லோம்ப் என்ற ஹங்கேரியப் பெண்மணியை உங்களுக்குத் தெரிய வேண்டும். 1909இல் பிறந்தவர். பள்ளியில் மொழிப்பாடம் வராத பிள்ளை என்று பெயர் வாங்கியவர். படித்தது வேதியியல். 1930களின் பொருளாதார மந்தத்தில் அந்தப் படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை. ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைப்போம் என்று முடிவெடுத்தார். அப்போது அவருக்கே ஆங்கிலம் தெரியாது! ஒரு ஆங்கில நாவலையும் அகராதியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், புரியாத இடங்களை ஊகித்துக்கொண்டே போனார், கற்றார். உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது கோகோலின் நாவலை ரஷ்ய மொழியிலேயே மறைத்து வைத்துப் படித்தார். 1945இல் சோவியத் படை புடாபெஸ்ட்டுக்குள் நுழைந்தபோது, ரஷ்ய மொழி பேசத் தெரிந்தவராக நகராட்சியில் மொழிபெயர்ப்பாளர் வேலையில் அமர்ந்தார். பிற்காலத்தில் 16 மொழிகளை வைத்துச் சம்பாதித்தார். முதுமையிலும் புதுமொழி படிப்பதை அவர் விடவில்லை.

அவர் தம் புத்தகத்தில் ஒரு கணக்கு சொல்லியிருக்கிறார். செலவிட்ட நேரத்தையும் ஆர்வத்தையும் மேலே வை. அதைக் கூச்சத்தால் வகு. விடைதான் உனக்குக் கிடைக்கும் பலன். மொழித் திறமை என்று ஒன்றை அவர் அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை, கவனித்தீர்களா? கூச்சமோ பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. அது பெருத்தால், மேலே எவ்வளவு உழைப்பைக் கொட்டினாலும் விடை சுருங்கிக்கொண்டேதான் போகும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டுகிறீர்கள், அகராதி வாங்குகிறீர்கள், செயலி இறக்குகிறீர்கள். எல்லாம் தொகுதியை ஏற்றும் வேலை. பகுதியைக் குறைக்கும் வேலையை யார் செய்வது? வாயைத் திறந்து தப்பும் தவறுமாகப் பேசி நீங்களேதான் செய்ய வேண்டும். அதற்குக் கட்டணமும் கிடையாது.

உச்சரிப்பு சரியில்லை என்பீர்கள். ஜோசப் கான்ராட் போலந்துக்காரர். 1878இல் இங்கிலாந்துக் கரையில் இறங்கியபோது அவருக்கு இருபது வயது, ஆங்கிலம் ஏறக்குறையத் தெரியவே தெரியாது. கப்பலில் வேலை செய்தபடியே கற்ற மொழியில் உலகம் போற்றும் நாவல்களை எழுதினார். பேசினால் மட்டும் கடைசிவரை போலந்து வாடைதான். அதனால் என்ன குறைந்துவிட்டது?

வயதாகிவிட்டது என்பீர்கள். இத்தாலியில் 1680இல் பிறந்த வீரமாமுனிவர் தமிழ்நாட்டு மண்ணை மிதித்தபோது முப்பதை எட்டியிருந்தார். அதற்குப் பிறகு தமிழ் கற்று, 3,600க்கும் மேற்பட்ட பாடல்களில் தேம்பாவணியும், சதுரகராதியும் தந்தார். முப்பது வயதில் ழகரம் பழகிய நாக்கு அது!

வேறு மொழி பேசினால் தமிழ் தேய்ந்துவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரே பெயர் சொல்கிறேன்: கி. ராஜநாராயணன். வீட்டில் தெலுங்கு பேசிய அந்தக் கரிசல்காட்டு விவசாயிதான் நமக்கு வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தொகுத்துத் தந்தார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பல மொழிகளுக்கு நீங்கள் ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டவர்கள். அது உங்களுக்கே தெரியவில்லை. 2015இல் 'பிரேமம்', 2024இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' என்று மலையாளப் படங்களை மலையாளத்திலேயே பார்த்துக் கொண்டாடியது இதே தமிழ்நாட்டு இளைஞர் கூட்டம்தானே? யார் உங்களுக்கு மலையாள வகுப்பு எடுத்தார்கள்? ஆசைப்பட்டீர்கள், காது கொடுத்தீர்கள், புரிந்தது. காதுக்கு வந்தது நாக்குக்கு வராமலா போகும்?

பெங்களூரில் வேலை பார்க்கிற தம்பி, தங்கைகளே, உங்களுக்கு இன்னும் எளிது. வருடக்கணக்காக அங்கே இருந்தும் தமிழ் நண்பர்கள் வட்டத்துக்குள்ளேயே சுற்றி வந்தது போதும். நாளை மதியம் பக்கத்து மேஜைக்காரரிடம் நீங்களே முந்திக்கொண்டு "ஊட்ட ஆய்த்தா?" என்று கேளுங்கள். சாப்பிட்டாச்சா, அவ்வளவுதான். அவர் சந்தோஷத்தில் கடகடவென்று ஏதோ சொல்வார், ஒன்றும் பிடிபடாது. தலையை ஆட்டிவிட்டு நழுவாதீர்கள். "இன்னொம்மெ ஹேளி", இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேளுங்கள். அவர் நிறுத்தி நிதானமாகச் சொல்வார். உங்கள் இரண்டாவது கன்னட வாக்கியத்தையும் பேசி முடித்திருப்பீர்கள்.