தொடக்கச் செபத்துக்கும் இறுதிச் செபத்துக்கும் நடுவே

புதிய பங்குப்பேரவை இன்று பொறுப்பேற்கிறது. நம் கூட்டங்கள் நடக்கும் விதம் உங்களுக்குத் தெரியும். தொடக்கச் செபம். பிறகு பந்தல், மைக் செட், வரவு செலவு, கொஞ்சம் வாக்குவாதம். நேரமாகிவிட்டதென்று யாராவது எழுந்ததும் இறுதிச் செபம். நடுவில் ஆண்டவரை யாரும் தேடுவதில்லை. வேறு சிலர் இருக்கிறார்கள். வேலை என்ன ஆயிற்று என்று கேட்டால், "ஆண்டவர் பார்த்துக்கொள்வார் ஃபாதர்" என்பார்கள். இதில் எது மோசம் என்று என்னைக் கேட்டால், இரண்டாவதைத்தான் சொல்வேன். சோம்பலுக்கு அது பக்தி வேடம் போடுகிறது.

நெகேமியாவைப் பாருங்கள். குரு அல்ல, இறைவாக்கினரும் அல்ல. சூசா அரண்மனையில் பாரசீக மன்னருக்குத் திராட்சை இரசம் பரிமாறியவர். எருசலேமின் மதில் இடிந்து, வாயில் கதவுகள் எரிந்து கிடப்பதைக் கேள்விப்பட்டு அழுதார், நோன்பிருந்து மன்றாடினார். கிஸ்லேவ் மாதத்தில் வந்த செய்தி அது. மன்னரிடம் அவர் வாய் திறந்தது நீசானில். இடையில் ஏறத்தாழ நான்கு மாதங்கள்.

"உனக்கு என்ன வேண்டும்?" என்ற பொருளில் மன்னர் கேட்டதும், பதில் சொல்வதற்கு முன்பே விண்ணகக் கடவுளிடம் மன்றாடினார் என்கிறது விவிலியம். மன்னர் கிண்ணத்தைக் கீழே வைக்கும் நேரம்கூட ஆகியிருக்காது. அடுத்து அவர் கேட்டவற்றைக் கவனியுங்கள்: ஆளுநர்களுக்குக் கடிதம், கதவுகளுக்கு மரம் தர அரசரின் காட்டுக் காவலர் ஆசாபுக்கு இன்னொரு கடிதம். போய்த் திரும்பும் காலத்தையும் சொல்லிவிட்டார். மரம் யார் கையில் இருக்கிறது என்பதுவரை தெரிந்து வைத்திருந்தார். நான்கு மாதம் அழுதவருக்குக் கண் மங்கவில்லை, தெளிந்திருந்தது.

எருசலேமில் முதல் மூன்று நாள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இரவில் சிலரோடு போய் மதிலைப் பார்த்தார். ஓரிடத்தில் அவர் ஏறிவந்த விலங்குக்கே வழியில்லாத அளவுக்கு இடிபாடு. பிறகுதான் மக்களைக் கூட்டினார். பொற்கொல்லரும் நறுமணத் தைலம் செய்வோரும் கல் சுமந்தார்கள். சல்லூமின் மகள்களும் சேர்ந்து கட்டினார்கள். பலருக்கு அவரவர் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியே பங்காக வந்தது. தன் வீட்டு வாசலுக்கு முன்னால் யாராவது அரைகுறையாகக் கட்டுவார்களா? எதிரிகள் தாக்கத் திட்டமிட்டபோது மக்கள் கடவுளை மன்றாடினார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கின்றன.

எனக்குப் பிடித்த இடம் வேறு. செமாயா என்பவர் வந்து, உம்மைக் கொல்ல வருகிறார்கள், கோவிலுக்குள் போய்க் கதவை அடைத்துக்கொள்வோம் என்கிறார். கேட்கப் பக்தியாகத்தான் இருக்கிறது! நெகேமியா மறுத்துவிட்டார். தலைவர் பயந்துபோய்த் திருவிடத்தில் ஒளிந்தால் மதிலை யார் கட்டுவது? பொறுப்பிலிருந்து தப்பிக்க ஆலயத்துக்குள் ஓடுவதும் பாவமாகலாம், சகோதரர்களே.

52 நாளில் மதில் முடிந்தது. இது கடவுளின் செயல் என்று உணர்ந்து அஞ்சியவர்கள் சுற்றிலும் இருந்த எதிரிகள். இத்தனைக்கும் யார் யார் எந்தப் பகுதியைக் கட்டினார்கள் என்று ஒரு முழு அதிகாரமே பெயர் சொல்கிறது.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. 12 ஆண்டு ஆளுநராக இருந்தவர் மன்னரிடம் போய்த் திரும்பி வந்து பார்த்தால், மதிலை எதிர்த்த தோபியாவுக்குக் கோவில் முற்றத்திலேயே அறை! அவருடைய தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே எறிந்தார். லேவியரோ, பங்கு கிடைக்காமல் தங்கள் வயல்களுக்கே போய்விட்டிருந்தார்கள். அவர்களைத் திரும்ப அழைத்தார். பத்திலொரு பாகம் மறுபடியும் வந்து சேர, மக்கள் நம்பும் ஆட்களாகப் பார்த்துக் கிடங்குகளுக்குப் பொறுப்பாளர்களை வைத்தார். பெயர்களை எழுதி முடித்த கையோடு, இதற்காகத் தம்மை நினைவில் கொள்ளும்படி கடவுளிடம் வேண்டிக்கொண்டார்.