டிட் யூ கம்? துணிந்து கேள்!

“நேற்று வகுப்புக்கு வந்தாயா?” இதை ஆங்கிலத்தில் கேட்கச் சொன்னால் பொறியியல் முடித்த பிள்ளைகளே திணறுகிறார்கள். “டிட் யூ கேம்?” என்று வந்துவிடுகிறது. பக்கத்தில் இருப்பவன் சிரிக்கிறான். அவ்வளவுதான், அன்றோடு வாய்க்குப் பூட்டு! அடுத்தவன் பிழைக்குச் சிரிப்பது அறிவா? அற்பத்தனம். அவனுக்காகவா நீ ஊமையாக வேண்டும்?

தம்பி! தங்கையே! நீ தடுக்கியது ஒரே ஒரு விதியில். ‘டிட்’ என்று வாய் திறந்ததுமே இறந்தகாலம் சொல்லியாகிவிட்டது. பின்னால் வரும் வினை மறுபடியும் காலம் காட்ட வேண்டாம். ‘கம்’, ‘கோ’, ‘சீ’ என்று மூல வடிவிலேயே நிற்கும். “டிட் யூ கம்?” “ஐ டிட் நாட் கோ.” ‘டஸ்’ வந்தாலும் இதே கதைதான். “ஹீ நோஸ்” என்பது கேள்வியாகும்போது “டஸ் ஹீ நோ?” என்று மாறும். (“யார் வந்தது?” என்று கேட்க ‘டிட்’டே வேண்டாம், “ஹூ கேம்?” போதும்.)

இதுவா உனக்குப் புதிது? ‘நேற்று போகவில்லை’ என்கிறாயே, அந்தப் ‘போக’ என்பதில் நேற்று எங்கே இருக்கிறது? ‘போனேன்இல்லை’ என்று என்றாவது சொல்லியிருக்கிறாயா? பள்ளி வாசலை மிதிக்கும் முன்பே பிடிபட்ட சூட்சுமம் இது! வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன என்று ஆளுக்கு ஆள் வினையை மாற்றிப் பேசும் நாக்கு உன்னுடையது. ஆங்கிலத்தில் இத்தனைக்கும் ‘கேம்’ ஒன்றுதான். மலை ஏறியவன் மேட்டைக் கண்டு மலைப்பதா?

இன்னும் சிரிப்புக்கு அஞ்சுகிறாயா? ஆங்கில நாவலாசிரியர் ஜோசப் கான்ராட்டைப் பார். 1857இல் போலந்துக் குடும்பத்தில் பிறந்தவர். இருபது வயதுக்குப் பிறகே ஆங்கிலம் பேசப் பழகினார், அதுவும் கப்பல் வேலைக்கு நடுவே. 1895இல் அவருடைய முதல் நாவல் வெளிவந்தது, ஆங்கிலத்தில்! பேச்சில் போலந்து வாடை கடைசிவரை போகவில்லை. அதற்காக அவர் பேனாவைக் கீழே வைக்கவுமில்லை.

ஆகவே நாள் பார்க்காதே. இன்று இரவே நேற்று நடந்தவற்றை எழுது: போனது, பார்த்தது, சாப்பிட்டது. ஒவ்வொன்றையும் ‘டிட்’ போட்டுக் கேள்வியாக்கு, ‘டிட் நாட்’ போட்டு மறுத்துப் பார். எழுதியதை உரக்கப் படி, வீடே கேட்கட்டும். நாளை வகுப்பில் முதல் கேள்வி உன் வாயிலிருந்து வரட்டும். தவறினால் அங்கேயே திருத்திக்கொண்டு, அதே வாக்கியத்தை மறுபடியும் சொல்!