நாளும் பிறப்பும்

நாளுக்குக் குணமுண்டா என்னும் வினா பழமையானது. நன்னாள், தீநாள் எனப் பகுத்துக் கருமமாற்றும் வழக்கம் சோதிடத்தை நம்புவோரிடம் மட்டுமன்றி, வரலாற்றைக் கற்றோரிடத்தும் வேறோர் உருவில் நிலைத்திருக்கின்றது. ஒரு திகதியைப் பெருமைக்குரியதென்றும் பிறிதொன்றை இழிவுக்குரியதென்றும் குறித்து, ஆண்டுதோறும் அந்நாள் வரும்போது மகிழ்வதும் வெகுள்வதும் அவ்வழக்கத்தின்பாற் பட்டனவே. இது எவ்விடத்து அறத்துக்குத் துணையாகின்றது, எவ்விடத்து அதற்கு மாறாகின்றது என்பது ஆராயற்பாலது.

மார்ச் மாதம் 2ஆம் திகதியை எடுத்துக்கொள்ளலாம். 1807ஆம் ஆண்டு அந்நாளில், ஐக்கிய அமெரிக்காவுக்குள் அடிமைகளைக் கொண்டுவருதலைத் தடைசெய்யுஞ் சட்டத்தில் சனாதிபதி ஜெபர்சன் ஒப்பமிட்டார். 1815ஆம் ஆண்டு அந்நாளில், கண்டி மகுல் மடுவவிலே ஆங்கிலத் தேசாதிபதி பிறவுண்றிக்கின் முன்னிலையில் கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டு ஏற்கப்பட்டது. 1930இல், உப்புச் சட்டத்தை மீறப்போவதாக அறிவிக்கும் மடலைக் காந்தியடிகள் வைசிராய் இர்வினுக்கு எழுதியதும் அந்நாளே. 1956இல் மொரோக்கோவின் சுதந்திரத்தைப் பிரான்சு ஏற்றுக்கொண்டது. 1962இல் பர்மாவின் ஆட்சியைப் படைத்தலைவர் நே வின் கைப்பற்றினார். விடுதலை, அடிமைத்தளை, அறப்போர், படையாட்சி ஆகிய யாவும் ஒரே திகதியின்கீழ் அடங்குகின்றன. இவற்றைப் பிணைப்பது எண்ணொன்றேயன்றிக் காரணம் எதுவுமில்லை.

அவ்வெண்ணுங்கூட மனிதர் தமக்குள் வகுத்துக்கொண்ட கணக்கே. கண்டி நகரின் வடகிழக்கே, முஸ்லிம்கள் செறிந்து வாழும் மடவளை போன்றதோர் ஊரில், ஆங்கிலத் திகதியும் பிறைக் கணக்கும் பௌர்ணமி விடுமுறையும் அன்றாட வாழ்வில் ஒருங்கே வழங்குகின்றன. பிறைக் கணக்கின் ஆண்டு ஞாயிற்றாண்டினும் ஏறத்தாழ 11 நாட்கள் குறைந்தது; ஆதலின் ஒரு கணக்கில் ஆண்டு நிறைவாகும் நாள் மற்றொன்றில் ஆகாது. பிரித்தானியாவில் 1752ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆம் திகதியின் மறுநாள் 14ஆம் திகதியாயிற்று. உருசியாவின் ஒக்டோபர்ப் புரட்சி, கணக்கு மாறியபின் நவம்பர் 7ஆம் திகதியில் நினைவுகூரப்பட்டது. இங்ஙனம் இடம்பெயரத்தக்க ஒன்று, நிகழ்ச்சிகளுக்குக் காரணமாதல் எங்ஙனம்?

அங்ஙனமாயின் நினைவுநாட்கள் பொருளற்றனவோ எனின், அற்றன்று. நாள் தானாக எதையும் நினைவூட்டுவதில்லை. மனிதரே அதன்கண் நின்று நினைக்கின்றனர். நினைத்தல் ஒரு செயல். செயலாதலின், எதை நினைத்தோம், எதை விடுத்தோம் என்னும் பொறுப்பு அதற்குண்டு.

கண்டி ஒப்பந்தத்தையே நோக்குக. அதன் ஒரு பிரிவு பௌத்த சமயத்துக்குக் காப்பு அளித்தது. மற்றொன்று, உடலை வதைக்கும் எல்லாவகைச் சித்திரவதைகளையும் உறுப்புக் குறைத்தலையும் ஒழித்தது. மூன்றாம் பிரிவோ, நீக்கப்பட்ட மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் உறவினர் யாவரையும், மணவழி வந்தோராயினும் இரத்தவழி வந்தோராயினும், முன்னோராயினும் பின்னோராயினும், அரசின் பகைவரெனச் சாற்றிற்று. தமிழரையும் தென்னிந்திய வழிவந்தோரையும் குறிக்க ஆங்கிலேயர் வழங்கிய ‘மலபார்’ என்னும் சொல்லால், வெளியேற்றப்பட்ட அவ்வகை ஆடவர் எழுத்துமூல அனுமதியின்றித் திரும்பலாகாது எனவும் அது விதித்தது. ஆகவே ஒரே ஏடு சித்திரவதையை ஒழித்து, பிறப்பைக் குற்றமாக்கியது. அதில் ஒப்பமிட்டோர் பிரதானிகள். தும்பறையில் வயலுழுதோரையும் பொதிமாடு நடத்தியோரையும் எவரும் கேட்டிலர். அதன் பயனை நுகர்ந்தோர் அவர்களே. நான்கு ஆண்டுகளுள், 1817இல் மூண்ட கிளர்ச்சி அடக்கப்பட்டு, 1818 நவம்பர் மாதப் பிரகடனத்தாற் பிரதானிகளின் உரிமைகளும் குறைக்கப்பட்டன.

இவற்றுள் ஒரு பிரிவை மட்டும் தெரிந்து அந்நாளைப் போற்றுவோரும், வேறொன்றை மட்டும் தெரிந்து தூற்றுவோரும் உண்மையிற் பாதியையே நினைக்கின்றனர். எனினும் இதனினும் பெரிய தவறு ஒன்றுண்டு. அது, அந்நாளிற் செய்தோரின் குற்றத்தை அவர்தம் வழிவந்தோர்மேல் ஏற்றுதல். அவ்வாறு நினைப்போர், தாம் வெறுக்கும் மூன்றாம் பிரிவையே தம் மனத்தில் மீண்டும் எழுதுகின்றனர்.

இது வெறும் தருக்கமன்று. 1915 மே 28ஆம் திகதி, வெசாக் இரவிலே, பள்ளிவாசலின் முன்னே இசையோடு ஊர்வலம் செல்லுதல்பற்றிய பிணக்கு கண்டியிற் கலவரமாகிப் பல மாகாணங்களுக்கும் பரவியது. பிணக்கில் ஈடுபடாத ஊர்களின் முஸ்லிம் வணிகரும் தாக்குண்டனர். ஒரு சாராருக்குப் புனிதமான இரவு, மற்றொரு சாராருக்கு அச்சத்தின் இரவாயிற்று. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில், தெல்தெனியவிலே சிலரால் தாக்கப்பட்ட சாரதி ஒருவர் இறந்தபின், மடவளைக்குத் தொலைவிலல்லாத திகன முதலிய இடங்களில் அத்தாக்குதலோடு தொடர்பற்ற முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் அழிவுக்குள்ளாயின. 6ஆம் திகதி நாடெங்கும் அவசரகாலநிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. செய்தவர் சிலர், தண்டிக்கப்பட்டவர் அவர்தம் பிறப்பைப் பகிர்ந்த பலர்.

தமிழ் வாசகர் இதனைப் பிறர் குற்றமாக மட்டும் எண்ணுதல் தகாது. 1983 யூலையிலே, போர்முனையில் நிகழ்ந்த ஒரு தாக்குதலுக்காகத் தமிழர் தம் பிறப்பின் பேரால் வேட்டையாடப்பட்டனர் என்பது மறக்கலாகாத உண்மை. அதே தமிழ்மொழி வழங்கும் வடமாகாணத்திலிருந்து, 1990 ஒக்டோபரிலே முஸ்லிம்கள் தம் பிறப்பின் பேரால் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அம்மாதம் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணி நேரமே. முன்னதை நினைத்துப் பின்னதை விடுப்போரின் நினைவு நீதியாகாது. இழைக்கப்பட்ட தீங்கு, இழைத்த தீங்கை அழிப்பதில்லை.

நாளைக் குற்றவாளியாக்குவதும் பிறப்பைக் குற்றவாளியாக்குவதும் அடிப்படையில் ஒரே பிழை. ஒருவன் தான் பிறக்கும் குலத்தைத் தெரிவதில்லை. நாளும் தன்கண் நிகழ்வனவற்றைத் தெரிவதில்லை. குற்றமும் புகழும் செயலுக்கும் அதனைச் செய்தோருக்குமே உரியன. செய்தோரைக் கண்டறிந்து நீதி வழங்குதலை இக்கொள்கை தடுப்பதில்லை. உண்மையில் அதனையே வற்புறுத்துகின்றது. பொறுப்பை ஓர் இனம் முழுவதிலும் பரப்பும்போது, செய்தவர் அக்கூட்டத்துள் மறைந்து தப்புகின்றார்.

ஆதலின் ஒரு திகதி வரும்போது முன்வைத்தற்குரிய வினாக்கள் மூன்று. அன்று செய்தவர் யார்? துன்புற்றவர் யார்? அதே நாளை அயலார் எவ்வாறு நினைக்கின்றனர்? மூன்றாவது வினாவே மிகக் கடினமானது. அதற்கு விடை நூல்களில் மட்டும் கிடைப்பதன்று. அயல் வீட்டின் படியேறிக் கேட்டறிய வேண்டியது. சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் ஒரே சாலையைப் பகிரும் கண்டியின் சுற்றூர்களில் அப்படி ஏறத் தடையாயிருப்பது தொலைவன்று.