தாதித் தொழிலும் மனநிறைவும்

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தை ஓதுவோர் பெரும்பாலும் உணவின் அளவு பற்றிய குறள்களோடு நின்றுவிடுகின்றனர். அதன் இறுதிக் குறளோ மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றது. நோயுற்றவன், மருத்துவன், மருந்து ஆகியவற்றுடன் நான்காவதாக ஆங்கு வைக்கப்படுபவன் 'உழைச்செல்வான்'. இன்றைய வழக்கில் அவரைத் தாதி என்கிறோம். பரிமேலழகர் இவருக்கு நான்கு இயல்புகள் கூறுவர்: நோயாளியிடத்து அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொல்லியவாறு செய்துமுடிக்கும் வன்மை, அறிவு. இப்பட்டியலில் தியாகம் இடம்பெறாமை நோக்கற்பாலது. நம் மேடைப் பேச்சாளரோ தாதியரைப் பற்றிப் பேசும்போது அவ்வொரு சொல்லையன்றிப் பிறிதொன்றையும் அறியார்.

முப்பது ஆண்டுகள் பிறர் நோவின் அருகே நிற்கும் ஒருவர் மனம் வறளாமல் இருத்தல் எங்ஙனம் என்பதே ஈண்டு நம் வினா. இதற்குப் பொதுவாகக் கூறப்படும் விடைகள் இரண்டு. ஒன்று, நெஞ்சை இறுக்கிக்கொள்ளுதல்; மற்றொன்று, தன்னை முற்றாக மறந்து தொண்டாற்றுதல்.

முதல் விடையை ஆராய்வதற்கு இசபெல் மென்சீஸ் என்னும் உளப்பகுப்பாய்வாளர் 1960 அளவில் வெளியிட்ட ஆய்வு பெரிதும் துணைசெய்யும். இலண்டனில் மருத்துவக் கல்வியும் அளிக்கும் ஒரு மருத்துவமனையிலே பயிற்சித் தாதியரில் ஏறத்தாழ மூன்றிலொரு பகுதியினர் பயிற்சியை இடையிலே கைவிட்டனர். அங்கு நிலவிய வேலை ஒழுங்கையே அவர் காரணமாகக் கண்டார். ஒரு தாதி ஒரு நோயாளியை முழுமையாகக் கவனிப்பதில்லை. பலருக்கு ஒரு சில பணிகளை மட்டும் செய்து நகர்ந்துவிடுவார். நோயாளியும் பெயரிழந்து, கட்டில் எண்ணாலோ பழுதுற்ற உறுப்பாலோ குறிக்கப்படுவார். துன்பத்தின் அண்மை தாதியைத் தாக்காதிருக்க எழுந்த அரண் இது. ஆனால் அவ்வரணே அவருக்குச் சிறையுமாயிற்று. நோயாளி தேறியெழும்போது அது தம் கையால் விளைந்தது என்று மகிழும் உரிமையையும் அவர் இழந்தார். திறமும் முதிர்ச்சியும் மிக்க மாணவியரே பெரும்பாலும் விலகிச் சென்றனர் என்னும் செய்தி சிந்தித்தற்குரியது. எனவே, நெஞ்சிறுக்கம் தாதியைக் காப்பதில்லை. நல்ல தாதியரைத் துரத்தவே செய்கின்றது.

இரண்டாவது விடையை நான் ஐயுறுகின்றேன். தொண்டு என்னும் சொல்லின் நிழலிலே குறைந்த ஊதியமும் நீண்ட இரவுக்கடமையும் எளிதில் மறைந்துவிடும். புளோரன்ஸ் நைற்றிங்கேலை விளக்கேந்திய சீமாட்டியாகவே நினைவுகூர்கின்றோம். 1854 இல் ஸ்கூற்றாரிக்குச் சென்ற அவர் பின்னர் படையினரின் இறப்புக்களைப் புள்ளிவிவர வரைபடமாக்கி அரசினரோடு வாதிட்டவர். 1860 இல் பயிற்சிப் பள்ளி நிறுவக் காரணமானவர். தாதிமை பயின்று பெறவேண்டிய அறிவு என்பதே அவரது வழக்கு. விளக்கு மட்டும் எஞ்சியது நம் குறையே.

ஆகவே, பரிமேலழகர் கூறிய நான்காம் இயல்பையே நிறைவின் ஊற்றெனக் கொள்ளத் துணிகின்றேன். 1984 இல் பற்றீசியா பென்னர் என்னும் அமெரிக்க அறிஞர், புதியவர் நிலையிலிருந்து வல்லுநர் நிலைவரை தாதி ஐந்து படிகளைக் கடப்பதாக விளக்கினார். விதிகளைப் பார்த்துச் செய்பவர் காலப்போக்கிலே நோயாளியின் முழுநிலையையும் ஒருநோக்கில் உணர்பவராகின்றார். அன்பு இவ்வறிவுக்குப் புறம்பானதன்று. உற்றுநோக்காத கண்ணுக்கு எதுவும் புலப்படாதன்றோ!

என் தந்தையார் நோயுற்றுக் கிடந்த இரவொன்றில், வயது முதிர்ந்த தாதியொருவர் அவரது பாதத்தைத் தொட்டுப்பார்த்துச் சற்று நின்றார். குறிப்பேட்டில் எழுதப்பட்டிருந்த அளவுகளில் மாற்றமெதுவும் இல்லை. ஆயினும் அவர் மருத்துவரை எழுப்பிவரச் செய்தார். விடியுமுன் அது தக்க செயலென்பது தெளிவாயிற்று. எவ்வாறு அறிந்தீர்கள் என்று மறுநாள் வினவினேன். "கால் குளிர்ந்திருந்தது தம்பி, நேற்று அப்படி இல்லை" என்றார்.

நேற்றும் அவரே அக்கட்டிலருகில் நின்றமையால் இது கைகூடிற்று. பணியொழுங்கு இதற்கு இடந்தராவிடின் அனுபவம் வெறும் ஆண்டுக்கணக்காகவே எஞ்சும். ஊதியமும் மதிப்பும் உயரவேண்டுமாயின் நோயாளியைவிட்டு மேசைக்குச் செல்லவேண்டும் என்னும் ஏற்பாடும் ஆராயத்தக்கதே. மறு ஆண்டு அந்தத் தாதி பதவியுயர்வு பெற்று, பதிவேடுகள் நிறைந்த அறையொன்றுக்கு மாறிவிட்டாரெனக் கேள்வியுற்றேன்.