எந்திரம் மாறினால் வாட்ச் மாறுமா?

ஒரு கைக்கடிகாரத்தின் உள்ளே இருக்கிற எந்திரத்தை முழுசாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புது எந்திரம் ஒன்றை வைத்து மூடினால், கையில் இருப்பது பழைய வாட்ச்தானா? அல்லது பழைய கூட்டுக்குள் ஒரு புது வாட்ச்சா?

விளையாட்டாகக் கேட்கிற கேள்வி மாதிரிதான் தெரியும். எங்கள் வீட்டில் இதற்காக மூன்று வாரம் சண்டை நடந்தது. அந்த மூன்று வாரத்தில் ஆன்மா, உடல், பெயர், உண்மை என்று வகுப்பில் கேட்டதெல்லாம் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

வாட்ச் என் தாத்தாவுடையது. சைக்கோ 5, உள்ளே 7எஸ்26 என்ற எந்திரம். வாட்ச் பழகியவர்கள் அதை 'மூவ்மெண்ட்' என்பார்கள். தாத்தா பால்மரம் சீவியவர். தோட்டத்தை விட்டு வந்த பிறகு ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை பார்த்தார். இரவு ஷிப்டுக்கு மணி பார்க்கணும் என்று அப்பா வாங்கிக் கொடுத்தது அது. ஆட்டோமேட்டிக் வாட்ச்சுக்கு பேட்டரி கிடையாது. உள்ளே அரைவட்டமாக ஓர் எடைத் தகடு இருக்கும். கை அசைய அசைய அது சுழன்று மெயின்ஸ்பிரிங்கை இறுக்கும். முழுசாக இறுகியிருந்தால் கழற்றி வைத்த பிறகு ஏறக்குறைய 40 மணி நேரம் ஓடும். அப்புறம் நின்றுவிடும். 7எஸ்26-க்கு கையால் சாவி கொடுக்கவும் முடியாது, யாராவது கட்டிக்கொண்டு நடந்தால்தான் உண்டு. தாத்தா போன இரண்டாம் நாள் அது நின்றது என்று எங்கள் அத்தை இன்றைக்கும் கண் கலங்கிச் சொல்வார். 40 மணி நேரக் கணக்கை நான் அவரிடம் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன்.

அலமாரியில் கிடந்த வருடங்களில் எண்ணெய் காய்ந்துவிட்டது. கையில் கட்டினால் அரை நாள் ஓடும், பிறகு நிற்கும். பிரித்து, கழுவி, எண்ணெய் போட்டு சர்வீஸ் செய்யலாம்தான். கேட்ட இடத்தில் சொன்ன கூலியோ புது மூவ்மெண்ட் விலையைவிட அதிகம். அதே நிறுவனக் குடும்பத்தில் வருகிற என்.எச்.36 என்ற மூவ்மெண்ட் 7எஸ்26-இன் இடத்தில் அப்படியே உட்காரும். குறுக்களவு ஒன்று, டயலின் கால்கள் இறங்கும் துளைகளும் ஒன்று, முட்களின் துளைகளும் ஒன்று. இரண்டும் மணிக்கு 21,600 முறை துடிக்கும், அதாவது நொடிக்கு 6. புதியதற்கு சாவி கொடுக்கலாம், குமிழை இழுத்தால் நொடிமுள் நிற்கும். இந்த இரண்டும் பழையதில் இல்லை. நானே மாற்றிப் பார்க்கிறேன் என்றேன். அதுவரை நான் ஒரு வாட்ச்சின் பின்மூடியைக்கூடத் திறந்ததில்லை.

பெரியப்பா மகன், நான் அண்ணே என்று கூப்பிடுகிறவர், ஒரே வரியில் மறுத்தார். "ஒடம்பு சட்டை, உயிர் அதைப் போட்டுக்கிற ஆளுன்னு கீதை வகுப்புல படிச்சோம்ல? மூவ்மெண்ட்தான் உயிர். நீ தாத்தாவைத் தூக்கிப் போட்டுட்டு, அவரு சட்டைய வேற ஒருத்தனுக்கு மாட்டி விடப் போறே."

நல்ல அடி. இரண்டு நாள் எனக்குப் பதில் வரவில்லை. கீதையில் சட்டை மாறும், ஆள் இருப்பார். இங்கே சட்டை இருக்கிறது, ஆள்தான் மாறுகிறார். அந்த உவமையை வைத்துக்கொண்டு என் பக்கம் பேச வழியே இல்லை.

இந்தக் கேள்வி புதிதல்ல. மிலிந்தர் என்ற கிரேக்க அரசருக்கு நாகசேனர் என்ற பௌத்தத் துறவி தேரை வைத்துப் பாடம் சொன்னார். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவும் தேர் இல்லை, எல்லாம் சேர்ந்த இடத்துக்கு நாம் வைத்த பெயர்தான் தேர் என்றார். கிரேக்கர்கள் தீசியஸ் என்ற வீரனின் கப்பலை வைத்துக் கேட்டார்கள். மக்கிய பலகையை எடுத்துப் புதுப் பலகை வைத்துக்கொண்டே வந்து கடைசியில் பழைய பலகை ஒன்றுகூட இல்லையென்றால் அது அதே கப்பலா? 17-ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி இன்னும் ஒரு முடிச்சுப் போட்டார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்து இன்னொரு கப்பல் கட்டிவிட்டால், இரண்டில் எது தீசியஸின் கப்பல்? இந்தக் கடைசி முடிச்சை மறந்துவிடாதீர்கள். அது எங்கள் வீட்டுக்கும் வந்தது.

நாகசேனர் தேரில் நிற்கவில்லை. மனிதனும் அப்படித்தான், உள்ளே 'நான்' என்று தனியாக ஒன்று இல்லை என்று முடித்தார். அங்கேதான் நம்முடைய சைவ சித்தாந்தம் குறுக்கே வந்து நிற்கிறது. மெய்கண்டார் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் உயிர் உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்குகிறார். அதில் ஒன்று ரொம்ப எளிமையானது. நாம் 'எனது உடல்' என்று சொல்கிறோம். 'என் வீடு' என்கிறவன் வீடு ஆகமாட்டான். அது போல 'என் உடல்' என்று சொல்கிறவனும் உடலுக்கு வேறானவன். வகுப்பில் இதைக் கேட்டபோது, இது என்ன பெரிய ஆதாரம் என்றுதான் நினைத்தேன். வாட்ச் விஷயத்தில்தான் அதன் பலம் புரிந்தது.

வாட்ச் 'என் மூவ்மெண்ட்' என்று சொல்லாது. அதற்குள்ளே 'என்' என்று சொல்ல ஆளே இல்லை. 1967-இல் கேப் டவுனில் முதல் முறையாக ஒரு மனிதருக்கு இன்னொருவரின் இதயத்தை வைத்தார்கள். துடிக்கிற உறுப்பு வேறொருவருடையது, ஆனாலும் கண் விழித்தவர் அதே மனிதர்தான்.  துடிப்பது எதுவோ அதுதான் உயிர் என்றால் இது நடக்காது. அப்படியானால் 21,600 முறை துடிக்கிறது என்பதற்காக மூவ்மெண்டை உயிர் என்று சொல்லும் அண்ணனின் கணக்கு தப்பு. அதுவும் ஒரு சட்டைதான். வாட்ச் முழுக்கச் சட்டை, உள்ளே ஆள் இல்லாத சட்டை. தேரைப் பற்றி நாகசேனர் சொன்னது சரி. தாத்தாவைப் பற்றி மெய்கண்டார் சொன்னதுதான் சரி. இரண்டையும் குழப்பியதால்தான் எங்கள் வீட்டில் சண்டை என்பது என் முடிவு.

அண்ணன் ஒத்துக்கொண்டாரா? இல்லை. "உள்ள ஆள் இல்லன்னா அப்புறம் எதுக்கு அதைப் பொத்திப் பொத்தி வச்சிருக்கோம்? தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கு" என்றார்.

இதுவும் சரியான கேள்விதான். இதற்குத் தத்துவப் புத்தகத்தைவிட நம் கோயில்கள் நல்ல பதில் வைத்திருக்கின்றன. கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் 1873-இல் தோன்றியது. அன்றைக்கு அது அத்தாப்புக் கொட்டகை, இடமும் வேறு. பிறகுதான் இன்று ஜாலான் துன் எச்.எஸ்.லீ எனப்படும் சாலைக்கு வந்தது. இப்போது நாம் பார்க்கிற கட்டடம் 1968-இல் எழும்பியது. இடம் மாறியது, கூரை மாறியது, சுவர் மாறியது. ஆனாலும் 1873 கோயில் என்றுதான் சொல்கிறோம், யாரும் அதைப் பொய் என்பதில்லை. ஏன்? கோயிலைப் புதுப்பிக்கிற முறையைப் பாருங்கள். மூலவரின் சக்தியைக் கும்பத்துக்கு அழைத்து, பாலாலயத்தில் வைத்துப் பூசை செய்து, திருப்பணி முடிந்த பிறகு ஊர் கூடி நிற்கக் கும்பாபிஷேகம் செய்கிறார்கள். ராத்திரியோடு ராத்திரியாக யாருக்கும் தெரியாமல் கல்லை மாற்றுவதில்லை. பழையது எங்கே போகிறது, புதியது எங்கிருந்து வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும். தொடர்ச்சி கல்லில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தெரிந்து, சேர்ந்து, மரியாதையோடு கைமாற்றுவதில்தான் அது இருக்கிறது.

பழைய வாட்ச் விற்கிற சந்தையில் இது நேர்மாறாக நடக்கும். டயல் ஒன்று, கூடு ஒன்று, மூவ்மெண்ட் வேறொன்று. எல்லாம் 'ஒரிஜினல்' என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். அங்கே மாற்றியது குற்றமில்லை. சொல்லாமல் விடுவதுதான் குற்றம். 'வாங்குறவன் கேக்கல, அதனால சொல்லல' என்று நியாயம் பேசுகிற நண்பர்கள் எனக்கும் உண்டு. கேட்கத் தெரியாதவனிடம் மறைப்பது பொய்தான்.

அதனால் மூடியைத் திறப்பதற்கு முன்பே அம்மா, அத்தை, அண்ணன் மூவரிடமும் என்ன செய்யப் போகிறேன் என்று விவரமாகச் சொன்னேன். "ஓடினா போதும்பா" என்றார் அம்மா. அத்தை, தாத்தாவின் கை பட்ட டயலும் முட்களும் அப்படியே இருக்குமா என்று மட்டும் கேட்டார். இருக்கும் என்றேன். அண்ணன் கழற்றிய மூவ்மெண்டைத் தன்னிடம் தரவேண்டும் என்றார்.

வேலை ஒரு ஞாயிறு முழுக்க ஆனது. பின்மூடியைத் திருகி எடுத்து, எடைத் தகட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சிறு குழியை அழுத்தினால் குமிழோடு தண்டு வெளியே வரும். கூட்டைக் கவிழ்த்தால் டயலோடு எந்திரம் கையில் விழும். டயலில் கீறல் படாமல் பிளாஸ்டிக் தாளை விரித்து முட்களை நெம்ப வேண்டும். மணிமுள்ளின் துளை ஒன்றரை மில்லிமீட்டர். நொடிமுள்ளின் துளை அதில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. அதைத் திரும்ப அழுத்தி உட்கார வைக்கும்போது மூச்சுவிடவே யோசிக்கணும். முட்களைப் பொருத்துவதற்கு முன் தேதி மாறும் வரை குமிழைத் திருப்பி, மாறிய அந்தக் கணத்தில் மணிமுள்ளையும் நிமிடமுள்ளையும் 12-இல் வைத்தால்தான் நள்ளிரவில் தேதி மாறும். இல்லாவிட்டால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் புது நாள் பிறக்கும்!

ஒரு சங்கதி எனக்கே சிரிப்பை வரவழைத்தது. தாத்தா வாட்ச்சில் குமிழ் 4 மணி பக்கம் இருக்கிறது. நான் வாங்கிய மூவ்மெண்ட் 3 மணி பக்கம் குமிழ் இருக்கிற வாட்ச்சுக்கானது. அதைச் சற்றுத் திருப்பி வைத்தால் கிழமையும் தேதியும் சன்னலில் கோணலாக நிற்கும். அதனால் பழையதிலிருந்து கிழமை வட்டையும் தேதி வட்டையும் கழற்றிப் புதியதில் போட வேண்டியிருந்தது. ஆக, 'முழுசாக மாற்றிவிட்டேன்' என்றும் சொல்ல முடியாது. அண்ணனிடம் போன பழைய மூவ்மெண்டில் நாளும் கிழமையும் இல்லை. அவை இன்னும் தாத்தாவின் டயலுக்குப் பின்னால்தான் சுற்றுகின்றன.

அண்ணன் இப்போது அந்த மூவ்மெண்டை சர்வீஸ் செய்ய ஆள் பார்த்துவிட்டார். தனியாக ஒரு கூடும் டயலும் வாங்கி அதில் போடப் போகிறாராம். ஹாப்ஸ் போட்ட முடிச்சு வீட்டுக்கே வந்துவிட்டது. "அப்ப ரெண்டுல எது தாத்தா வாட்ச்?" என்று அவர் மகள் கேட்டாள். அவளுக்கு வயது ஒன்பது. அண்ணன் தன்னுடையது என்றார். நான் என்னுடையது என்று சொல்லவில்லை. அத்தையிடம் கேள் என்றேன். 'தாத்தா வாட்ச்' என்பது பெயர்தான். அந்தப் பெயரை வைக்கிற உரிமை அவரோடு வாழ்ந்தவர்களுக்குத்தான் உண்டு, திருப்புளி பிடித்தவனுக்கு இல்லை.

வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்கள் பின்மூடியின் உள்பக்கத்தில் தேதியையும் தங்கள் குறியையும் சின்னதாகக் கீறி வைப்பது பழைய வழக்கம். அடுத்து திறக்கிறவன் பார்த்துத் தெரிந்துகொள்வான். மூடுவதற்கு முன் நானும் ஊசியால் கீறினேன். அன்றைய தேதி, எடுத்தது 7எஸ்26, வைத்தது என்.எச்.36, நாள் கிழமை வட்டுகள் பழையவை. இடம் போதவில்லை, கடைசி இரண்டு எழுத்து விளிம்பில் ஏறிவிட்டது.